சனிக்கிழமை நடைக்கு ஒரு பெயர்

“ஓடிப்போறவள் ஐஞ்சு நாளுக்குக் குழம்பு வைச்சு, டப்பாவில போட்டு, ஒவ்வொண்டிலயும் கிழமை எழுதி ஒட்டிப்போட்டே ஓடுவாள்? நீர் சொல்லும் கஜந்தி. நீரும் ரெண்டு பிள்ளை பெத்தனீர்தானே.”

சுகன்யாதேவி அகப்பையை அண்டாவின் விளிம்பில் சாத்திவிட்டுத் திரும்பி நின்றாள். ஸ்டுட்கார்ட்டின் ஓரத்தில், தமிழர் எல்லாக் கொண்டாட்டத்துக்கும் வாடகைக்கு எடுக்கிற மண்டபத்தின் சமையலறை அது. வெளியே ஒரு குழந்தையின் முதலாவது பிறந்தநாளுக்குப் பாட்டுப் போட்டிருந்தார்கள். உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் கத்தியை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார்கள்.

கஜந்தி விடுகிற ஆளில்லை. “நானோ சொன்னனான்? எல்லாரும்தான் சொல்லினம். படுக்கையில கிடக்கிற மனுசனை விட்டிட்டு, அறுபது வயசில, ஸ்பெயினில ஒரு வெள்ளைக்காரக் கிழவனோட...”

“ஆர் படுக்கையில? சிறீதரனோ? முழங்காலில கத்தி வைச்சவர், அவ்வளவுதான். முந்தாநாளும் படியால இறங்கிக் கீழை போனவர். நான் கண்டனான்.”

“திங்கள் எண்டால் சிவமலர் அக்கா போனில சிரிக்கிறது படிக்கட்டு முழுக்கக் கேக்கும். உங்களைப் பாக்க வரேக்கை என்ர காதாலை கேட்டனான். தொப்பி போட்டிருந்ததோ, ஒழுங்காச் சாப்பிட்டதோ, மெலிஞ்சு போச்சோ எண்டு கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறா. உது வேலைக் கதையே?”

“ஜெர்மன் உமக்கு வடிவா விளங்கியிருக்கு. ஆற்ற தொப்பி எண்டுதான் விளங்கேல்லை.”

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சுகன்யாதேவிக்குச் சிரிப்பு வரவில்லை. சிவமலர் வெள்ளிக்கிழமை போனவள். இன்றைக்கு ஞாயிறு. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நடக்கவேண்டியது நடந்திருக்கும், அல்லது நடக்காமல் போயிருக்கும். ஒரு செய்தியும் இல்லை. இருபது தரம் அழைத்தாயிற்று, தொலைபேசி நிறுத்திக் கிடக்கிறது. அந்தப் பயம் நெஞ்சுக்குள் கிடந்து அரித்ததால்தான் சுகன்யாதேவி கஜந்தியோடு இவ்வளவு சத்தம் போட்டாள். மற்றப்படி அவள் மண்டபங்களில் வாய் திறக்கிறவள் இல்லை.

இவ்வளவு கதைக்கிறவர்களுக்கு நடந்தது முழுக்கத் தெரியவேண்டும். தெரிந்த பிறகும் கதைத்தால் கதைக்கட்டும்.

நான்கு மாடிக் கட்டடம். கீழ்த்தளத்தில் சுகன்யாதேவி, மூன்றாம் மாடியில் சிவமலரும் சிறீதரனும். இருபத்தெட்டு வருஷ அயல். சுகன்யாதேவியின் கணவர் செத்து ஆறு வருஷமாகிறது. அதன் பிறகு அவள் தனக்கென்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டாள். வீட்டைவிட்டு ஒரு காரியத்துக்குப் புறப்படுகிறவர்களுக்கு எதிரே முதலில் வருகிற ஆளை யாழ்ப்பாணத்தார் முழுவியளம் என்பார்கள். அந்த ஆள் நல்லதாக அமையவேண்டும். தாலி இழந்தவள் ஆகாது. அதனால் மேலே படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டாலே சுகன்யாதேவி கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் நிற்பாள். இரண்டாம் மாடிப் பொடியன் தொழிற்பயிற்சிக்கு நேர்முகம் போன அன்று, குப்பை கொட்டப் போனவள் திரும்பி வர ஏலாமல், குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் மழையில் இருபது நிமிஷம் குந்தியிருந்தாள். பொடியனுக்கு இடம் கிடைத்தது. தன்னால்தான் கிடைத்தது என்று சுகன்யாதேவிக்கு உள்ளூரப் பெருமை.

சிவமலருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் கவிஷன், வேலையும் குடும்பமுமாக எர்லாங்கனில். இளையவள் துஷானி. அவளைச் சிறீதரனின் தாய்தான் வளர்த்தாள். சிவமலர் முதியோர் இல்லத்தில் துணி துவைக்கிற பகுதியில் விடிய வேலைக்குப் போவாள், சிறீதரன் தொழிற்சாலையில் மூன்று மாற்று வேலை. பிள்ளைக்குத் தலை இழுத்துப் பின்னியதும் சோறு தீத்தியதும் அப்பம்மா. பிறகு வாதத்தில் அப்பம்மாவுக்கு ஒரு பக்கம் விழுந்தபோது பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த துஷானி அவளைக் குளிக்கவார்த்தாள். ஒன்பது வருஷம். முகம் சுளித்ததை யாரும் கண்டதில்லை.

இருபத்தாறு வயதில் துஷானிக்கு ஹனோவரில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பெயர் சுலக்சன், நல்ல குடும்பம். சிறீதரன் வாக்குக் கொடுத்து மண்டபமும் பதிந்தாயிற்று. பிள்ளை வேண்டாம் என்றாள். பிறகும் வேண்டாம் என்றாள். மூன்றாம் தரம் சொல்லாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு, பல்கலைக்கழகத்தில் படித்த ஸ்பானிய மொழியோடு வலென்சியாவுக்குப் போய்விட்டாள். ஒருத்தனோடும் போகவில்லை, தனியாகத்தான் போனாள். சிறீதரன் எல்லாருக்கும் கேட்க, “எனக்குப் பிள்ளை ஒண்டுதான்” என்று சொல்லிவிட்டார்.

ஆனால் சிவமலர் பிள்ளையை விடவில்லை. ஞாயிறு காலையில் சிறீதரன் கோயிலுக்குப் போனதும் சமையலறையில் தொலைபேசி எடுப்பாள். அப்பம்மாவின் காதில் வைப்பாள். கிழவிக்குப் பேச்சுக் குழறும். துஷானிக்கு மட்டும் அது விளங்கும். ஆறு வருஷம் இப்படிப் போனது. இந்த ஆறு வருஷத்தை யாரும் சிவமலரின் கணக்கில் சேர்ப்பதில்லை.

போன வருஷம் ஐப்பசியில் அப்பம்மா கண்ணை மூடினாள். இங்கே ஒரு தமிழர் இறந்தால் பெட்டி வாங்க முதல் இணையத்தில் அறிவித்தல் வரவேண்டும். பிறந்த இடம், வாழ்ந்த இடம், இன்னாரின் பாசமிகு தாயார், இன்னாரின் மாமியார், இன்னாரின் அப்பம்மா. கனடாவில் இருக்கிற ஒரு மருமகனின் பெயர் விடுபட்டாலும் பத்து வருஷத்துக்கு முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார்கள். அந்த விபரங்களைத் தொலைபேசியில் சொன்னது சிவமலர். சுகன்யாதேவி பக்கத்தில் நின்று கிழவிக்குக் கட்டச் சேலை மடித்துக்கொண்டிருந்தாள். சிறீதரன் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

“பேரப்பிள்ளையளின்ர பேர் அக்கா?” என்று அறிவித்தல் எழுதுகிறவன் கேட்டான்.

“கவிஷன்,” என்றாள் சிவமலர். நிறுத்திவிட்டுச் சிறீதரனைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். “கனடாவில தாரகன்.”

“அவ்வளவுதானோ?”

“ஓம். அவ்வளவுதான்.”

இதுதான் சிவமலர் செய்த பிழை. வேறு ஒரு பிழையும் அவள் செய்யவில்லை. அவர் அதட்டவில்லை, கையை ஓங்கவில்லை. அன்றைக்குச் செத்தவீட்டில் சண்டை வேண்டாம், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் நினைத்தாள். இரவாகமுன் துஷானியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. “அம்மா, அப்பம்மாவைக் குளிக்கவார்த்தது நான். பேர் குடுத்தது நீங்களோ?”

பொய் சொல்லியிருக்கலாம். அப்பாதான் என்று தள்ளியிருக்கலாம். சிவமலர் “ஓம்” என்று எழுதினாள். அதற்குப் பிறகு பிள்ளை எடுக்கவில்லை. ஒரு கிழமையில் அந்த இலக்கமே செத்துப்போனது.

அந்தக் குளிர்காலம் சிவமலர் சாப்பிட்டதைச் சுகன்யாதேவி காணவில்லை. துணி மடிக்கிற இடத்தில் நின்றபடியே அழுகிறாள் என்று இல்லத்தில் லீவு கொடுத்து அனுப்பினார்கள். பிள்ளையின் விலாசம் தெரியாது. ஊர் மட்டும் தெரியும், வேலையும் தெரியும். வலென்சியாவில் குடியேறியிருக்கிற ஜெர்மன்காரரைச் சனிக்கிழமைகளில் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டுவது துஷானியின் வேலை. வெயிலுக்காகப் போய் அங்கே வீடு வாங்கின ஓய்வூதியக்காரர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வீடும் வெயிலும் கிடைத்த பிறகு பொழுது போகவேண்டுமே. அதற்கு நடை, படகு, சமையல் வகுப்பு என்று ஒழுங்கு செய்து கொடுக்க ஸ்டுட்கார்ட்டில் ஒரு சின்ன நிறுவனம் இருந்தது, துஷானியும் அவர்களுக்குத்தான் வேலை செய்தாள். அவர்கள் முதியவர்களோடு பொறுமையாக ஜெர்மன் கதைக்கிற ஆளை, வீட்டிலிருந்தே செய்கிற பகுதிநேர வேலைக்குத் தேடினார்கள். இருபது வருஷம் முதியோர் இல்லத்தில் நின்றவளைவிடப் பொறுமையாகக் கதைக்க யாரால் ஏலும்? சிவமலர் கேட்டாள், கிடைத்தது.

துஷானியின் தாய் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மகளின் கடைசிப் பெயர் சிறீதரன். சிவமலரின் கடவுச்சீட்டில் அவளுடைய தகப்பனின் பெயர், தம்பித்துரை. ஜெர்மன்காரருக்கு இரண்டும் வேறு வேறு குடும்பம். எங்கள் பெயர் முறையால் எங்களுக்கு நன்மை நடந்தது அந்த ஒரு தரம்தான்.

அன்றிலிருந்து காதில் கருவியை மாட்டிக்கொண்டு சமையலறை மேசையில் இருந்தாள் சிவமலர். சுகன்யாதேவி மத்தியானத்தில் மேலே ஏறி வந்து, காய் வெட்டிக்கொண்டு பக்கத்தில் இருப்பாள். சிவமலருக்கு அந்த ஊர் மனப்பாடமாகிவிட்டது. வற்றிய ஆற்றைப் பூங்காவாக்கி அதற்குள் சைக்கிள் ஓடுகிறார்களாம். மாலையில் ஏரிக்குப் படகு. கடற்கரைக்கு டிராம் போகிறது, குளித்துவிட்டு ஈரத்தோடேயே திரும்பி வரலாம். வயலில் நெல், பக்கத்தில் ஆரஞ்சுப் பழம் தொங்கும் தோடை மரம்.

“கோரைக்கிழங்கு மாதிரி ஒண்டைப் பிழிஞ்சு பாலெடுத்து, சீனி போட்டுக் குடிக்கினம் அக்கா. அதுக்கு வரிசையில நிக்கினம்.”

“கோரைக்கிழங்கோ? நாங்கள் பன்றியை விட்டுக் கிண்டுவிப்பமே!”

“இஞ்ச பாருங்கோ, படம்.”

சுகன்யாதேவி பார்த்தாள். தன்னை ஒத்த கிழவிகள் கையில்லாத சட்டையோடு கடற்கரையில் கால் நீட்டி இருந்தார்கள். வேலை இல்லை, விசேஷம் இல்லை, ஒருத்தருக்கும் பரிசு கொண்டுபோகத் தேவையில்லை. முப்பத்தோரு வருஷ ஜெர்மனியில் சுகன்யாதேவி போன இடங்கள் மண்டபம், கோயில், வைத்தியர் நேரம் குறித்துத் தருகிற டெர்மின். கடைசியாகக் கடல் கண்டது காங்கேசன்துறையில்.

திங்கட்கிழமைகளில்தான் முக்கியமான வேலை. சனிக்கிழமை நடைக்குப் போனவர்களை அழைத்து, நன்றாயிருந்ததா என்று கேட்டுக் குறிக்கவேண்டும். எழுபத்தெட்டு வயது திரு பிரென்னர் ஒரு சனியும் தவறாமல் போகிறவர். மனைவியை இழந்தவர், ஒரு காது கேளாது, கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். அவர்தான் கஜந்தி சொல்கிற வெள்ளைக்காரக் கிழவன்.

“எங்கள் வழிகாட்டிப் பெண் இந்தச் சனிக்கிழமை மஞ்சள் தொப்பி” என்பார். சிவமலர் குறிப்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் அதைக் குறிப்பாள். பிள்ளை இருமினாள் என்றால் அந்தக் கிழமை முழுக்கச் சிவமலர் தூங்கமாட்டாள். தோடம்பழம் உரித்து எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டுத் தனக்கு வைக்க மறந்துவிட்டாள் என்று அவர் சொன்ன நாள் சிவமலர் சிரித்த சிரிப்பு படிக்கட்டுக்குக் கேட்டிருக்கும்தான். அப்பம்மாவும் அப்படித்தான் தனக்கு வைக்க மறப்பாள்.

“பிள்ளை, நீ இருக்கிறது அவளுக்குத் தெரிஞ்சால்?” என்று சுகன்யாதேவி ஒருநாள் கேட்டாள்.

“தெரிஞ்சால் அந்த வேலையை விட்டிடுவாள் அக்கா. பேந்து எனக்கு இந்தத் தொப்பியும் இல்லை.”

ஒரு கிழமையில் ஒரு தொப்பி, ஒரு இருமல். அதைப் பிடித்துக்கொண்டு அவள் ஒன்பது மாதம் இருந்தாள்.

போன திங்கள் திரு பிரென்னர் வழமைபோல எடுத்தார். சிவமலர் கேட்டாள், எழுதினாள். சுகன்யாதேவி வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுதுகிற கை நின்றது. “எங்கே?” என்று சிவமலர் ஜெர்மனில் கேட்டாள். அந்த ஒரு சொல் சுகன்யாதேவிக்கும் தெரியும். இன்னொரு தரம் கேட்டாள். கருவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். அதற்குள் அந்த மனிதரின் குரல் இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தது.

“என்ன பிள்ளை?”

“வாற சனி கடைசி நடையாம். வேலையை விட்டிட்டு அந்த ஊரைவிட்டே போறாவாம். எங்கை எண்டு கேக்க, தூரம் எண்டு மட்டும் சொல்லிச் சிரிச்சாவாம்.”

அவள் எழும்பி, கழுவின பாத்திரத்தைத் திரும்பக் கழுவினாள். அதையே இன்னொரு தரம் கழுவினாள். சுகன்யாதேவி குழாயைப் பூட்டியபோது அவள் கை பச்சைத் தண்ணீரில் விறைத்திருந்தது.

அன்றைக்கு அவள் முயலாத வழியில்லை. நிறுவனத்தில் விலாசம் கேட்டாள். தனிப்பட்ட விபரம் தர ஏலாது என்றார்கள். தாய் என்று சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. சொன்னால் யார் நம்புவார்கள், பெயரே வேறு. திரு பிரென்னரிடம் சொல்லிவிடலாம் என்றாள் சுகன்யாதேவி. அதற்கும் சிவமலர் வேண்டாம் என்று தலையாட்டினாள். “சனிக்கிழமை வாறதையும் விட்டிடுவாள் அக்கா. உலகத்தில எங்கை எண்டு போய்த் தேடுவன்? கனடாவோ, அவுஸ்திரேலியாவோ? இலக்கம் இல்லை, விலாசம் இல்லை. நான் செத்தாலும் அவளுக்கு ஆர் சொல்லுறது? அறிவித்தல் பாத்துத்தான் அறியவேணும்.”

அறிவித்தல் என்றதும் இருவரும் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார்கள். அப்பம்மாவின் ஓராண்டு நினைவஞ்சலி அந்தக் கிழமைதான்.

செவ்வாய் காலை சிவமலர் கீழே இறங்கி வந்து, சுகன்யாதேவியின் வீட்டிலிருந்து அந்த எழுதுகிறவனை அழைத்தாள்.

“பேரப்பிள்ளையள் கவிஷன், துஷானி, தாரகன். அதிலை ஒண்டு போன வருசம் விட்டது.”

“ஓம் அக்கா, பழையதிலை இந்தப் பேர் இல்லைத்தான். அண்ணையைக் கேட்டுப்போட்டுப் போடட்டோ?”

“போன வருசம் ஆரைக் கேட்டுப் போட்டனீர்? என்னைத்தானே. அப்ப பிழை சொன்னனான். இப்ப சரி சொல்லுறன், எழுதும்.”

புதன்கிழமை அது வந்தது. மத்தியானத்துக்குள் ஜெர்மனி முழுக்க இருக்கிற சொந்தம் சிறீதரனுக்குப் போன் அடித்து முடித்துவிட்டது. அண்ணை, மகளின்ர பேர் வந்திருக்கு. அண்ணை, சமாதானமாப் போச்சோ? சுகன்யாதேவி அந்த நேரம் மேலே இருந்தாள். எழும்பிப் போக வழியில்லை. அவர் வாசலை மறித்து நின்றார்.

“ஆரைக் கேட்டுப் போட்டனீ?”

“ஒருத்தரையும் கேக்கேல்லை.”

“ஹனோவர்க்காரர் கண்டால் என்ன நினைப்பினம்?”

“ஏழு வருசமா அவை நினைக்கிறதை நீங்கள் இருந்து நினைக்கிறியள். அந்தப் பொடியன் கலியாணம் கட்டி ரெண்டு பிள்ளையும் பெத்திட்டான். அவன் மறந்திட்டான், நீங்கள்தான் மறக்கேல்லை.”

“எனக்கு மகள் இல்லை.”

“அப்ப கெல்லருக்குள்ள ஆற்ற சைக்கிளுக்குக் காத்தடிக்கிறனீங்கள்?”

கெல்லர் என்பது கட்டடத்துக்குக் கீழே, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்திருக்கிற நிலத்தடி அறை. துஷானியின் பழைய சைக்கிள் அங்கேதான் நிற்கிறது. சிறீதரன் மாதத்தில் ஒரு நாள் இறங்கிப்போய் அதன் சில்லுகளுக்குக் காற்று அடிக்கிறதைச் சுகன்யாதேவியும் கண்டிருக்கிறாள். சிவமலரும் கண்டிருக்கிறாள் என்பதை அவர் அன்றைக்குத்தான் அறிந்தார். அவருடைய முகம் ஒரு விதமாகப் போனது. ஒரு நிமிஷம், சரி என்று சொல்லப்போகிறார் என்று சுகன்யாதேவி நினைத்தாள்.

“சனிக்கிழமை நான் அங்கை நிப்பன்,” என்றாள் சிவமலர் மெல்ல. “நீங்களும் வாங்கோ. முழங்காலுக்கு நான் பிடிக்கிறன்.”

அந்த இரக்கம்தான் அவருக்குப் பொறுக்கவில்லையோ என்னவோ. “போறதெண்டால் போ,” என்றார். “இந்தப் படியால இறங்கினால் திரும்பி ஏறாதை.”

அவர் சொன்னால் சொன்னதுதான். ஏழு வருஷமாகத் தெரிந்த விஷயம். சிவமலருக்கு அறுபது வயது. ஓய்வூதியம் இன்னும் வரவில்லை, போக வேறு வீடு இல்லை, மகன் தகப்பனோடு மாறுபடமாட்டான். அங்கேயும் பிள்ளை முகம் திருப்பிப் போனால், ஒரே நாளில் இரண்டு வாசலும் மூடும்.

வியாழக்கிழமை அவள் சமைத்தாள். அதுதான் அந்த ஐந்து டப்பா. வெள்ளி தொடக்கம் செவ்வாய் வரை. செவ்வாய்க்குப் பிறகு என்ன என்று சுகன்யாதேவி கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அடுப்பை நிறுத்திவிட்டுக் கணினியைத் திறந்தாள். சனிக்கிழமை நடைக்கு ஒரு இடம் மிச்சம் இருந்தது. பதிகிறவர்களின் பெயர்கள் வெள்ளி பின்னேரம் வழிகாட்டிக்குப் போகும்.

“என்ன பேர் போடுறாய்?”

“என்ர பேர்தான்.”

“உனக்கென்ன விசரே? நாளைக்குப் பின்னேரம் கண்டிடுவாள். கண்டால் வேற ஆளை அனுப்பிப்போட்டுத் தான் வராமல் நிண்டிடுவாள். ஒரு வெள்ளைக்காரியின்ர பேரைப் போடு பிள்ளை. மரியா எண்டு போடு. தொப்பியைப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள்ள நில். முகத்தையாவது கண்டிட்டு வரலாம்.”

சிவமலர் அதை யோசிக்காமல் இல்லை. வெகுநேரம் விரல் எழுத்துகளின் மேல் நின்றது.

“ஒருக்காப் பேரை ஒளிச்சனான் அக்கா,” என்றாள். “திரும்ப ஒளிக்க ஏலாது. வராட்டி வராமல் விடட்டும். நான் வந்தனான் எண்டாவது அவளுக்குத் தெரியும்.”

ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். சிவமலர் தம்பித்துரை. ஒரு ஆள். அந்தத் தாளை அச்செடுத்து நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

மறுநாள் பதினொன்று ஐந்துக்கு பிராங்ஃபர்ட் ரயில், அங்கிருந்து விமானம். பத்து மணிக்குப் படியில் பெட்டி இறங்குகிற சத்தம் கேட்டது. ஒரு படி, ஒரு நிறுத்தம், ஒரு படி. சுகன்யாதேவி தன் சட்டப்படி கதவைச் சாத்தி, பின்னால் நின்று, மூச்சையும் பிடித்துக்கொண்டாள். இந்தப் பயணத்துக்குத் தன் நிழல்கூடப் படக்கூடாது என்று கண்ணை மூடினாள்.

பெட்டி அவள் வாசலில் நின்றது. கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

“அக்கா, வெளியில வாங்கோ.”

“நீ போ பிள்ளை. நான் இஞ்சை நிண்டு கும்பிடுறன்.”

“நீங்கள் முன்னால போய், வாசலுக்கு அங்கால நிண்டு, தண்ணியோட எனக்கு எதிர வாங்கோ.”

“பகிடி விடாதை. நான் தாலி இல்லாதவள். உந்தப் பயணத்துக்கோ நான் எதிர வாறது?”

“என்ர பிள்ளை பெரியபிள்ளையாகேக்கைச் சாமத்தியத் தண்ணி வாத்தது ஆர்? இந்த ஒரு வருசம் எனக்குப் பக்கத்தில இருந்தது ஆர்? எல்லாம் பாத்து, நல்ல நேரம் பாத்து, நல்ல ஆக்களைப் பாத்துச் செய்ததெல்லாம் எங்கை கொண்டுவந்து விட்டிருக்கு, பாருங்கோ. நீங்கள் வராட்டி நான் வாசல் தாண்டமாட்டன். ரயிலும் போகட்டும்.”

செய்தாலும் செய்வாள். சுகன்யாதேவி கதவைத் திறந்தாள். வீட்டில் செம்பு இல்லை. மா அளக்கிற பிளாஸ்டிக் குவளையில் தண்ணீர் பிடித்தாள். வீட்டுச் செருப்போடு, சால்வையும் இல்லாமல், வெளியே குளிரில் இறங்கிக் குப்பைத் தொட்டிகள் வரை நடந்து போய்த் திரும்பினாள். தண்ணீர் தளும்பிச் செருப்பில் விழுந்தது. ஆறு வருஷத்துக்குப் பிறகு ஒரு பயணத்துக்கு எதிரே நடக்கிறாள். கால் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

சிவமலர் வாசலில் நின்றாள். அப்போதுதான் இருவருக்கும் கேட்டது. நிலத்தோடு ஒட்டியிருக்கிற கெல்லர் யன்னலில் வெளிச்சம். உள்ளே காற்றடிக்கிற பம்பின் சத்தம், ஒரே சீராக, இறங்கி ஏறி.

அது நின்றது.

சிவமலர் பெட்டியின் பிடியை விட்டுவிட்டு நின்றாள். இருவரும் படிப்பக்கம் பார்த்தார்கள். ஒருவரும் ஏறி வரவில்லை. வெளிச்சம் அப்படியே எரிந்தது. சிறீதரன் பம்பைப் பிடித்தபடி, மேலே நின்ற அவர்களைப் போலவே காது கொடுத்துக்கொண்டு நின்றிருக்கவேண்டும். சுகன்யாதேவி கூப்பிட வாயெடுத்தாள். சிவமலர் வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

பிறகு குனிந்து பெட்டியைப் பிடித்தாள். குவளைத் தண்ணீரில் விரலை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“போயிட்டு வாறன் அக்கா,” என்றாள், கெல்லர் யன்னலுக்கும் கேட்கிற அளவுக்கு. வாசலைத் தாண்டி இறங்கினாள்.